உங்கள் பாட்டுப் பட்டியலில் உறுமி ஏன் வருவதில்லை?

ஸ்போட்டிஃபை போன்ற செயலிகளில் பாட்டுக் கேட்கும் மாணவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: "என் மனசில் இருப்பது அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது." திங்கட்கிழமை பிறந்தால் 'டிஸ்கவர் வீக்லி' என்ற பெயரில் நமக்கென்றே தொகுத்த புதிய பட்டியல் வந்து நிற்கிறது. 2015-இல் இந்த வசதி தொடங்கியபோது அதில் 30 பாடல்கள் இருந்தன. அவற்றில் நான்கைந்து பிடித்துவிட்டால் போதும், வியந்துபோகிறோம்.

அறிவியல் படிக்கும் மாணவர் வியப்போடு நிற்கக் கூடாது. பட்டியலில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதோடு, என்ன வரவில்லை என்றும் பார்க்க வேண்டும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்குப் போகும் வழியெல்லாம் ஒலித்த உறுமி அந்தப் பட்டியலில் உண்டா? உள்ளூர்த் தமிழ்ப் பாடகர் எத்தனை பேர்? பாட்டி தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் பாடிய பாட்டு?

இவை வராததற்கு யாருடைய சதியும் காரணமில்லை. கணக்கு காரணம். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் நம் காதைச் செயலியிடம் ஒப்படைத்தால், முதலில் காணாமல் போவது நம் ஊர்ப் பாட்டாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

மலாக்காவின் காது

நம் மாநிலத்தில் வளரும் ஒருவரின் காது ஒரே வகைப் பாட்டோடு நிற்பதில்லை. டொண்டாங் சாயாங் கலையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின், ரெபானா, கோங் இசைக்க, இருவர் மாறி மாறிப் பந்துன் பாடும் மலாக்காவின் கலை இது. 2018-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலாய்க்காரர், பாபா நோஞ்ஞா, செட்டி, போர்த்துகீசியர் என நான்கு சமூகத்தினரும் இதைப் பாடுகிறார்கள். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் இங்கு வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். தமிழர் வழியில் வந்த ஒரு சமூகம், ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் துணையோடு, மலாய்ப் பந்துனைப் பாடுகிறது!

இன்றைய இளைஞர்களின் பாட்டும் இப்படிக் கலந்ததுதான். 1998-இல் வெளிவந்த போயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. அக்குழுவின் யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ் ராப் இசையைத் தமிழ்நாடு வரை கொண்டுசேர்த்தது.

ஆகவே, ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ படிவம் நான்கில் படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்தால், அவள் கைப்பேசியில் இளையராஜா, யோகி பி, பி. ரம்லி, கொரியாவின் பி.டி.எஸ்., உறுமி மேளம், டொண்டாங் சாயாங் என ஆறு வகையும் இருப்பதில் வியப்பில்லை. இந்த மாணவியைச் செயலி எப்படிப் பார்க்கிறது?

அண்டை வீட்டுக் கணக்கு

இந்தக் கணக்கு ஸ்போட்டிஃபைக்கு முன்பே பிறந்தது. 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் உபேந்திர ஷர்தானந்த் என்ற மாணவரும் பேட்டி மேஸ் என்ற பேராசிரியரும் 'ரிங்கோ' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அது மின்னஞ்சல் வழியாக இயங்கியது. பாடகர்களுக்கு 1 முதல் 7 வரை புள்ளி போட்டு அனுப்பினால், உங்களைப் போலவே புள்ளி போட்ட மற்றவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்குப் பிடித்தவற்றை உங்களுக்குப் பரிந்துரைக்கும். பாட்டைக் கேட்டுப் பார்க்கும் திறன் ரிங்கோவுக்கு இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்கள் போட்ட புள்ளிகள் மட்டுமே. இன்றைய செயலிகளின் ஒரு முக்கியத் தூண் இன்னும் இதே கருத்துதான்.

நாமே போட்டுப் பார்க்கலாம். கணிதத்தில் கணங்களின் வெட்டு, சேர்ப்பு ஆகியவற்றைப் படித்திருப்பீர்கள். இருவருக்கும் பொதுவானவற்றின் எண்ணிக்கையை, இருவரிடமும் உள்ள மொத்த வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒற்றுமை கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் பால் ஜக்கார், ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளின் செடிகொடிகளை ஒப்பிட 1901-இல் பயன்படுத்திய கணக்கு இது. முழு ஒற்றுமை என்றால் 1. ஒற்றுமையே இல்லையென்றால் 0.

நம் மாணவிக்கு மூன்று நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நண்பர் அ கேட்பவை: இளையராஜா, யோகி பி, ஏ.ஆர். ரகுமான், அனிருத்.
நண்பர் ஆ கேட்பவை: பி.டி.எஸ்., பிளாக்பிங்க், அனிருத்.
நண்பர் இ கேட்பவை: இளையராஜா, ஏ.ஆர். ரகுமான், அனிருத்.

மாணவிக்கும் அ-வுக்கும் பொது 2, மொத்தம் 8. ஒற்றுமை 0.25. மாணவிக்கும் ஆ-வுக்கும் பொது 1, மொத்தம் 8. ஒற்றுமை 0.125. இ-யுடனும் அதே 0.125. ஆனால் அ-வையும் இ-யையும் ஒப்பிட்டால் பொது 3, மொத்தம் 4. ஒற்றுமை 0.75. பலர் கேட்பதையே கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கி நிற்கிறார்கள். பலவகை கேட்பவள் எல்லோரிடமிருந்தும் தள்ளி நிற்கிறாள்.

இப்போது அவளுக்குப் பரிந்துரை தயாரிப்போம். அவளிடம் இல்லாத ஒவ்வொரு பெயருக்கும், அதைக் கேட்கும் நண்பர்களின் ஒற்றுமை எண்களைக் கூட்டுவோம். பிளாக்பிங்க் 0.125 பெறுகிறது. ஏ.ஆர். ரகுமான் 0.25 + 0.125 = 0.375. அனிருத் 0.25 + 0.125 + 0.125 = 0.5. முதலிடம் அனிருத்துக்கு.

இந்த முடிவில் தவறில்லை. அவளுக்கு அனிருத் பாட்டு பிடிக்கவும் கூடும். ஆனால் கவனியுங்கள்: அவளிடமிருந்த உறுமியும் டொண்டாங் சாயாங்கும் பி. ரம்லியும் இந்தக் கணக்கில் புதிய எதையும் கொண்டுவரவில்லை. அவற்றைக் கேட்கும் நண்பர் வேறு யாரும் இல்லாததால், அந்த மூன்று கதவுகளும் திறக்கவே இல்லை. ஏற்கெனவே எல்லோரும் கேட்பது அவளுக்கும் வந்து சேர்ந்தது.

உண்மையான செயலியில் நண்பர்கள் மூவர் அல்லர், கோடிக்கணக்கானவர்கள். ஒவ்வொரு நேயரும் ஒவ்வொரு பாட்டும் எண்களின் நீண்ட வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றப்படுகிறார்கள். கூட்டல் தாமான் திண்ணையில் முடியாது. பெரிய கணினிகள் தேவை. ஆனாலும் அடிப்படைச் சாய்வு அப்படியேதான் இருக்கிறது. அதிகம் கேட்கப்படுவது எளிதில் பரிந்துரைக்கப்படும். யாரும் கேட்காத புதுப்பாட்டுக்குக் கணக்குப் போட எண்ணே இருக்காது. பொறியாளர்கள் இதைக் 'குளிர் தொடக்கச் சிக்கல்' என்பார்கள். இரவெல்லாம் நின்ற மோட்டார் சைக்கிள் காலையில் உடனே கிளம்பாமல் அடம்பிடிப்பது போல.

சராசரியில் யாரும் வாழ்வதில்லை

இன்னொரு சிக்கலும் உண்டு. நிமிடத்திற்கு 60 தட்டு உள்ள தாலாட்டும் 180 தட்டு உள்ள உறுமியும் ஒருவருக்குப் பிடிக்கிறது என்போம். சராசரி 120. அந்த வேகத்தில் உள்ள பாட்டு அவருக்குத் தாலாட்டும் ஆகாது, உறுமியும் ஆகாது. வீட்டில் ஒரே கணக்கைத் தாத்தா பக்திப் பாடலுக்கும், தம்பி சிறுவர் பாட்டுக்கும், அக்கா கொரியப் பாட்டுக்கும் பயன்படுத்தினாலும் இதே குழப்பம்தான்.

பொறியாளர்களுக்கு இது தெரியும். 2016-இல் ஸ்போட்டிஃபை 'டெய்லி மிக்ஸ்' என்ற வசதியைத் தொடங்கி, ஒரே நேயரின் பாடல்களைப் பல குழுக்களாகப் பிரித்துத் தனித்தனிப் பட்டியலாகத் தந்தது. நல்ல தீர்வு. ஆனால் ஒரு குழு உருவாக வேண்டுமானால் அதில் போதிய பாடல்கள் இருக்க வேண்டும். நூறு திரைப்பாடல்களுக்கு நடுவே மூன்று டொண்டாங் சாயாங் பாடல்கள் இருந்தால், அவை தனிக் குழுவாக நிற்பது கடினம்.

இயந்திரத்தின் செவி

"பாட்டையே கணினி கேட்டு ஆராயலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்கிறது. 2014-இல் ஸ்போட்டிஃபை, இசையைக் கணினியால் பகுத்தாயும் எக்கோ நெஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. ஒலி அலையை நேரத்திற்கும் அதிர்வெண்ணிற்குமான படமாக மாற்றினால் அதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். படங்களில் பூனையையும் நாயையும் பிரித்தறியும் அதே வகை நிரல், இந்தப் படத்தில் வேகத்தையும் சுருதியையும் கருவிகளையும் தேடுகிறது.

இங்கும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. இசை ஆய்வில் பரவலாகப் பயன்படும் ஒரு முறை, ஒரு ஸ்தாயியைப் பியானோவின் கட்டைகளைப் போல 12 பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டியில் எவ்வளவு ஒலி என்று எண்ணுகிறது. பியானோவுக்கு அது பொருந்தும். உறுமியை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். குச்சி தோலில் ஒட்டுகிறது, வழுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே உராய்வு வேலைதான். அழுத்தம் மாற மாற ஒலி வழுக்கிக்கொண்டே ஏறி இறங்குகிறது. அந்த முனகலை 12 பெட்டிக்குள் அடைத்தால் எதுவும் தெளிவாக நிற்காது. கர்நாடக இசையின் கமகத்திற்கும் இதே கதிதான்.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் பார்சலோனாவில் சேவியர் செர்ரா என்ற பேராசிரியர் 2011-இல் 'கம்ப்மியூசிக்' என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, துருக்கிய இசை முதலியவற்றை அவற்றின் இலக்கணப்படியே கணினிக்குக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்: இயந்திரத்தின் செவி தானாக விரியாது. ஒருவர் உட்கார்ந்து தம் இசையைப் பதிந்து, பெயரிட்டு, அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எட்டு உலகங்கள்

"நல்ல பாட்டு எப்படியும் மேலே வந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையத்தளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டும் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள்; தம் உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் இவர்களுக்குத் தெரியும். எல்லா உலகமும் பூச்சியத்தில்தான் தொடங்கின.

எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் முன்னணிப் பாடல்கள் இன்னும் முன்னேறின. பின்தங்கியவை இன்னும் பின்தங்கின. அதைவிட முக்கியம், எந்தப் பாட்டு வெல்லும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிகச் சிறந்த பாட்டு அடியோடு தோற்பது அரிது. மிக மோசமான பாட்டு வெல்வதும் அரிது. நடுவில் உள்ளவை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம். தொடக்கத்தில் யார் கேட்டார்கள் என்பது முடிவை மாற்றிவிடுகிறது. நம் ஊர்க் கலைஞரின் பாட்டு மேலே வராததைக் கொண்டு மட்டும் அது தரமற்றது என்று தீர்ப்பளிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா?

பழியைச் செயலி மேல் மட்டும் போடலாமா?

நியாயமாகப் பேசுவோம். செயலி வருவதற்கு முன்பும் நமக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள். கேசட் கடைக்காரர் எதை வரவழைத்தாரோ அதைத்தான் வாங்க முடியும். வானொலியில் அறிவிப்பாளர் எதைப் போட்டாரோ அதைத்தான் கேட்க முடியும். அங்கும் திரைப்பாடல்களே ஆட்சி செய்தன. ஸ்போட்டிஃபை 2013-இல் மலேசியாவுக்கு வந்தபின், எந்தக் கடையிலும் கிடைக்காத இசை ஒரு தேடலில் கிடைக்கிறது. கதவு முன்பைவிட அகலமாகத்தான் திறந்திருக்கிறது. நாம் தேடுகிறோமா என்பதே கேள்வி.

இதற்கும் ஆய்வு உண்டு. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஆண்டர்சனும் ஸ்போட்டிஃபையின் ஆய்வாளர்களும் சேர்ந்து, கோடிக்கணக்கான நேயர்களின் பழக்கத்தை ஆராய்ந்து 2020-இல் கட்டுரை வெளியிட்டார்கள். செயலி பரிந்துரைத்தவற்றைக் கேட்கும்போது நேயரின் இசை வட்டம் சுருங்கியிருந்தது. தாமே தேடிக் கேட்கும்போது அது விரிந்திருந்தது. காலப்போக்கில் பலவகை இசைக்கு மாறியவர்கள், பரிந்துரைகளைக் குறைத்துச் சொந்தத் தேடலைக் கூட்டியவர்களாக இருந்தார்கள். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே சேர்ந்து எழுதியது என்பதால் இதற்குத் தனி எடை உண்டு.

நாம் செய்யக்கூடியது

பரிந்துரையை அடியோடு ஒதுக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வு நேரத்தில் பாடம் படித்துக்கொண்டே கேட்க அது வசதியானது. ஆனால் கேட்கும் நேரத்தில் பாதியாவது நம் கையில் இருக்க வேண்டும். பெயர் போட்டுத் தேடுங்கள். பிடித்ததைச் சேமித்து வையுங்கள். உங்கள் பட்டியலை நீங்களே தொகுங்கள். ஸ்போட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஆகவே உள்ளூர்ப் பாட்டைத் தொட்டுவிட்டுத் தாவாமல் முழுதாகக் கேளுங்கள்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடல் பதிவுக்கு ஸ்போட்டிஃபை ராயல்டி தருவதில்லை. பெரிய பாடகருக்கு அது ஒரு நிமிடக் கணக்கு. நம் ஊரில் சொந்தச் செலவில் பாட்டு வெளியிடும் இளைஞருக்கு அது மலை. ஆனால் 40 பேர் கொண்ட ஒரு வகுப்பு, ஆண்டில் 25 முறை கேட்டால் 40 × 25 = 1,000. மாதத்திற்கு இரண்டு முறைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒலியை அணைத்துவிட்டுச் சும்மா ஓடவிட்டு எண்ணிக்கையைக் கூட்டுவது ஏமாற்று வேலை; அதைச் சொல்லவில்லை. பிடித்தால் கேளுங்கள், பிடித்ததை நண்பரிடம் சொல்லுங்கள். நம் கணக்கில் நண்பர் ஒருவர் உறுமி கேட்டிருந்தால் மாணவியின் பட்டியலே மாறியிருக்கும் அல்லவா?

கடைசியாக, எந்தச் செயலியிலும் தேடிக் கிடைக்காத பாட்டுகள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாக மாறின. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். நாற்று மேடையிலும் கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பாடிய பாட்டுகள் வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. பதிவாகாத பாட்டுக்கு ஸ்பெக்ட்ரோகிராம் இல்லை, வெக்டர் இல்லை. எவ்வளவு திறமையான கணக்கும் அதைப் பரிந்துரைக்க முடியாது.

இந்தப் பள்ளி விடுமுறைக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒரு தாத்தாவிடம் அல்லது பாட்டியிடம் அனுமதி கேட்டு, அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் குரலோடு கலந்துவிடும். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். பாடி முடித்ததும் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதுங்கள்: எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு, யாரிடம் கற்றது, எந்த வேளையில் பாடுவார்கள். கோப்புக்கு அந்த விவரங்களோடு பெயரிட்டு, கைப்பேசி கெட்டாலும் அழியாதபடி இன்னோர் இடத்திலும் ஒரு நகல் வையுங்கள். பிறகு அந்தப் பாட்டை உங்கள் சொந்தப் பட்டியலில் முதலாவதாகச் சேருங்கள்.